பூனைக்காலிப் பொடி அனுப்பும் நண்பர்களுக்கு

அப்பாவுக்கு நடுக்குவாதம் (பார்க்கின்சன் நோய்) என்று தெரிந்ததிலிருந்து வாட்ஸ்அப்பில் எனக்கு அதிகம் வந்தது, அந்த நோய்க்கென்று விற்கிற பூனைக்காலிப் பொடி விளம்பரம்தான். பூனைக்காலி என்பது ஒரு காட்டுப் பயறு; அதன் விதையை அரைத்ததுதான் பொடி. "பழங்குடியினரின் ரகசியம், பக்கவிளைவே கிடையாது" என்று போட்டிருப்பார்கள். அனுப்பியவர்கள் எல்லாரும் எங்கள் மேல் அன்புள்ளவர்கள். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

விதையில் மருந்து இருப்பது உண்மை. 1937இலேயே நம் சேப்பாக்கத்தில், சென்னைப் பல்கலைக்கழக ஆய்வகத்தில், தாமோதரனும் ராமசுவாமியும் பூனைக்காலி விதையிலிருந்து லெவோடோபா என்ற மருந்துப் பொருளைப் பிரித்தெடுத்தார்கள். அப்பா தினமும் விழுங்கும் மாத்திரையில் இருப்பதும் அதே லெவோடோபாதான். 2004இல் லண்டனில் 8 நோயாளிகளுக்கு இந்த விதைப் பொடியைக் கொடுத்துப் பார்த்தபோது மாத்திரையைவிடச் சீக்கிரமே வேலை செய்தது. ஆனால் அங்கே மருத்துவர்கள் அளந்து கொடுத்துப் பக்கத்திலேயே இருந்தார்கள். மாத்திரை சாப்பிடுகிறவர் யாரோ சொன்னார்கள் என்று பொடியையும் சேர்த்தால் அளவு எகிறிவிடும். குமட்டும், தலை சுற்றும், கைகால் தானாக முறுக்கிக்கொள்ளும்.

"பழங்குடி ரகசியம்" என்கிறார்களே, அதற்கு வருகிறேன். அகத்தியமலையில் வாழும் காணிக்காரப் பழங்குடியினர் இந்தக் காட்டுப் பயற்றை உணவாகவே உண்டவர்கள். நெற்றின் மேலிருக்கும் சுணை பட்டாலே அரிப்பு உயிரை எடுக்கும். உள்ளே இருக்கும் விதையையும் அப்படியே தின்ன மாட்டார்கள். திரும்பத் திரும்ப வேகவைத்து, ஒவ்வொரு தடவையும் தண்ணீரை வடித்துக் கொட்டுவார்கள். லெவோடோபா தண்ணீரில் கரையும். பாக்கெட்டில் அடைத்து விற்கிற அந்தச் சத்தை அவர்கள் தெரிந்தே வடித்துக் கொட்டினார்கள்! எது சோறு, எது மருந்து, எது விஷம் என்று பிரிக்கத் தெரிந்த அந்தக் கைப்பக்குவம்தான் என்னைப் பொறுத்தவரை அறிவு. அது பாக்கெட்டில் வருவதில்லை.

எனக்கு ஆறாத இன்னொன்றும் உண்டு. ஏட்டில் எழுதிவைத்த மரபறிவைப் பயன்படுத்துகிறவர்கள் அதில் வரும் பலனை அந்த அறிவைக் காத்த மக்களோடு பகிர வேண்டியதில்லை என்று பல்லுயிர்ச் சட்டத்தை 2023இல் திருத்தினார்கள். பூனைக்காலி சித்த மருத்துவ நூல்களிலும் இருக்கிறது. ஆக, விற்கும்போது பழங்குடி ரகசியம், பங்கு கேட்டால் ஏட்டு மருந்து என்று சொல்லிக்கொள்ள வழி இருக்கிறது. வாய்வழியாகக் காத்தவர்களுக்கு என்ன மிச்சம்? இத்தனைக்கும் 2006 வன உரிமைச் சட்டம் மரபறிவின் மீது அந்தச் சமூகத்துக்கே உரிமை உண்டு என்று எழுத்தில் சொல்கிறது.

அடுத்த முறை அனுப்புவதற்கு முன், விற்பவரிடம் ஒன்று கேட்டுச் சொல்லுங்கள்: பழங்குடியினர் பெயரைப் பாக்கெட்டில் போட எந்தக் கிராமசபை சம்மதம் கொடுத்தது?