இன்னொரு பட்டை வேண்டாம் அண்ணே!

மூன்றாவது முறையாக வண்டியைப் பட்டறையிலிருந்து எடுத்து வந்தேன். மூன்றாவது முறையும் பின்பக்கம் தூக்கிக்கொண்டுதான் நின்றது. வயிறு எரிகிறது. இங்கேயாவது கொட்டிவிடுகிறேன்.

அப்பாவின் ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் அது. 1970 மாடல், மார்க் 3, நாலு கதவு. எங்கிருந்தோ கப்பலில் வந்ததல்ல, வண்டலூர் பக்கம் செய்த வண்டி. காட்பாடி வீட்டு ஷெட்டில் வருஷக்கணக்காகத் தூசி தின்றதை எடுத்து, அழுகின தகரத்தை வெட்டிப் புதுசு ஒட்டி, பெயின்ட் அடித்து, இன்ஜினை இறக்கி ஏற்றி, இரண்டு வருஷம் ஓடிவிட்டது. அந்த 948 சிசி இன்ஜின் இப்போது தொட்டதும் பிடிக்கிறது. எல்லாம் முடிந்தது என்று நினைத்தபோது இந்த உயரப் பிரச்சினை வந்து நாலு மாசத்தைத் தின்றுவிட்டது.

"கொஞ்சம் தூக்கலா நின்னா இன்னா சார், கெத்தாத்தானே கீது?" என்கிறார் பட்டறைக்காரர். கெத்து இல்லை அண்ணே, ஆபத்து!

அம்பாசடரிலும் பியட்டிலும் பின்னால் நீளவாக்கில் இரண்டு பட்டை செட் இருக்கும். பட்டை என்றால் பாரம் தாங்கும் வளைந்த எஃகு ஸ்பிரிங். இரண்டு சக்கரத்தையும் இணைக்க நடுவில் ஒரே துண்டாக ஆக்ஸில். உயரம் ஒரு அங்குலம் கூடினாலும் சக்கரம் நேராகத்தான் நிற்கும். ஹெரால்டில் அப்படி இல்லை. ஒரே ஒரு பட்டை செட், அதுவும் குறுக்குவாட்டில், இன்ஜின் சக்தியைப் பின்சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலின் தலைமேல் உட்கார்ந்திருக்கும். இரண்டு பக்க ஆக்ஸிலும் டிஃபரன்ஷியலுக்குப் பக்கத்தில் மட்டும்தான் மடங்கும். பறவை இறக்கையை அசைப்பது போல. பாடி மேலே ஏறினால் இரண்டு சக்கரத்தின் அடியும் உள்ளே இழுத்துக்கொள்ளும். இறங்கினால் வெளியே விரியும். ஆக, இந்த வண்டியில் உயரத்தை மாற்றினால் சக்கரம் நிற்கும் கோணமே மாறுகிறது. பின்பக்கம் தூக்கி நின்றால் டயரின் வெளி ஓரம் மட்டும் தேயும். அதுகூடப் பரவாயில்லை. வளைவில் வேகமாகத் திருப்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் இன்னும் உள்ளே மடிந்து, வண்டியின் பின்பாகத்தையே எகிற வைக்கும். இந்த வண்டியில் ஏலகிரிக்கு என் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போக வேண்டும் என்பதுதான் என் ஆசை. அங்கே 14 கொண்டை ஊசி வளைவு இருக்கிறது. இதைச் சொன்னால் "நீங்க ரொம்ப யோசிக்கிறீங்க சார்" என்று பதில் வருகிறது.

முதல் தடவை நடந்தது இது. தேய்ந்த பட்டைக்குப் புது வளைவு கொடுக்கச் சொல்லி லாரிப் பட்டை வேலை செய்யும் கடைக்கு அனுப்பினேன். அவர்கள் வளைவு கொடுத்ததோடு நிற்காமல், என்னைக் கேட்காமலே ஒரு பட்டை சேர்த்துவிட்டார்கள். "லோடு தாங்கும் சார்." என்ன லோடு? நான் என்ன மணலா அடிக்கப்போகிறேன்? அந்தப் பட்டையைக் கழற்றச் சொல்வதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது.

இரண்டாவது தடவை, பட்டையைக் கழற்றினார்கள். ஆனால் வண்டி ஜாக்கியில் தொங்கிக்கொண்டிருக்கும்போதே எல்லா போல்ட்டையும் இறுக்கிவிட்டார்கள். பட்டை நுனியில், சக்கரத்தைப் பிடித்து நிறுத்தும் ரேடியஸ் ஆர்மில், முன்பக்க விஷ்போனில் என்று இணைப்பு எங்கே இருந்தாலும் ரப்பர் வளையம், அதாவது புஷ், இருக்கிறது. சக்கரம் தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பர் அந்த நிலையிலேயே பிடித்துக்கொள்ளும். அப்புறம் வண்டி தரையில் இறங்கும்போது ரப்பர் முறுக்கிக்கொண்டு வண்டியை மேலே தள்ளும், சீக்கிரமே கிழியவும் கிழியும். வண்டி தன் காலில் நின்று, ஆள் பாரமும் ஏறின பிறகுதான் கடைசி இறுக்கு இறுக்க வேண்டும். பெரிய ரகசியமா இது? புஷ் போடுகிற எவருக்கும் முதல் நாளே தெரிய வேண்டிய விஷயம்!

மூன்றாவது தடவைதான் எனக்கு நிஜமாகவே ஆத்திரம் வந்தது. ஜாக்கியை இறக்கினார், டேப்பை எடுத்தார், தரையிலிருந்து மட்கார்டு வரைக்கும் அளந்தார், "இன்னும் தூக்கலாத்தான் கீது, முன்னாடி பேக்கிங் வெச்சு ஏத்திட்டா சமமாப் பூடும்" என்றார். பின்னால் இருக்கும் தப்பை மறைக்க முன்னாலும் ஒரு தப்பு! இந்த வண்டியை ஜாக்கியிலிருந்து இறக்கினால் டயர் ரப்பர் தரையைப் பிடித்துக்கொள்ளும், சக்கரம் பக்கவாட்டில் நகராது, பின்பக்கம் தூக்கியேதான் நிற்கும். கொஞ்ச தூரம் முன்னும் பின்னும் தள்ளினால்தான் உட்காரும். தள்ளாமல் அளந்த அளவுக்கு என்ன மதிப்பு? அந்தப் பட்டறைத் தரையோ தண்ணீர் ஓட வேண்டுமென்று சாக்கடைப் பக்கம் சரிவாகப் போட்டது. கொத்தனார் சுவர் கட்டும்போதே ரசமட்டம் வைத்துப் பார்க்கிறார். காருக்கு மட்டும் கண்ணளவு போதுமா?

எல்லோரும் சொல்லும் ஒரே நியாயம் கிளியரன்ஸ், அதாவது தரைக்கும் வண்டியின் அடிக்கும் உள்ள இடைவெளி. "நம்ம ஊர் ஸ்பீடு பிரேக்கருக்குத் தூக்கி வெச்சாத்தான் சரி." வேகத்தடை என்றால் 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலம் என்று அளவு இருக்கிறது. எங்கள் தெருவில் இருப்பது ஒரு முழ அகலத்தில் நட்டுக்குத்தாக நிற்கும் தார்க்கட்டி. அந்தத் தார்க்கட்டியைத் திருத்துவதை விட்டுவிட்டு, ஐம்பது வருஷத்துக்கு முன்னால் கணக்குப் போட்டுச் செய்த வண்டியை வளைக்கச் சொல்கிறார்கள்.

1972-இல் ஹெரால்டுக்கு அடுத்த மாடலான கசல் வந்தபோது ஸ்டாண்டர்டு கம்பெனியே இந்த ஆடும் ஆக்ஸிலை விட்டுவிட்டு, மற்ற கார்களைப் போல ஒரே துண்டு ஆக்ஸிலுக்கு மாறிவிட்டது. நம் ஊர் மெக்கானிக்குகளோடு போராடி அலுத்துப்போய்த்தான் மாறினார்களோ என்று இப்போது தோன்றுகிறது.

போன ஞாயிற்றுக்கிழமை நானே இறங்கினேன். போர்ட்டிகோவில் தண்ணீர் டியூப் வைத்து நாலு சக்கரத்துக்கும் மட்டம் பார்த்தேன். டயரில் காற்றைச் சரிபார்த்தேன். எல்லா புஷ் போல்ட்டையும் தளர்த்தினேன். முன்சீட்டில் பக்கத்துக்கு மூன்றாக ஆறு ஆரணி அரிசிச் சிப்பம், ஒவ்வொன்றும் 25 கிலோ. இரண்டு ஆள் கணக்கு. வண்டியைத் தெருவில் தள்ளிக்கொண்டு போய்த் திரும்பக் கொண்டுவந்து, வண்டிக்கு அடியில் படுத்து ஒவ்வொன்றாக இறுக்கினேன். அப்புறம் சக்கர நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரைக்கும் அளந்தேன். தரையிலிருந்து அளந்தால், டயரில் காற்று குறைவாக இருந்தால் அதுவும் அளவில் சேர்ந்துவிடும். பின்னால் இடதுக்கும் வலதுக்கும் 18 மி.மீ. இருந்த வித்தியாசம் 7 ஆகிவிட்டது. பின்சக்கரங்கள் இரண்டும் கிட்டத்தட்ட நேராக நிற்கின்றன. நாலு மாசம், மூன்று தடவை கூலி. எனக்கு ஆனது ஒரு பகல்.

மீதி 7 மி.மீ. பட்டை உட்கார உட்காரக் குறையுமா என்று பார்க்க வேண்டும். அதற்கு வண்டி ஓட வேண்டும். வேலூருக்கும் குடியாத்தத்துக்கும் நாலு தடவை போய் வந்து, அதே போர்ட்டிகோவில் அதே அரிசியை ஏற்றி மறுபடி அளப்பேன். அதுவரைக்கும் எவரும் ஜாக்கியைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுப் பக்கம் வர வேண்டாம்.