எந்த ஓவியம் சுவரில் இருக்கிறது என்று சொன்னால் என்ன குறைந்துவிடும்?

ஜப்பானில் டோக்கியோ, கியோட்டோவை விட்டு வெளியே இருக்கிற ஒரு மாகாணக் கலை அருங்காட்சியகத்துக்குக் கிளம்புகிறவருக்குத் தெரிய வேண்டியது ஒரே ஒரு விஷயம்தான். நான் பார்க்க வருகிற ஓவியம் அன்றைக்குச் சுவரில் இருக்குமா, கிடங்கில் இருக்குமா? அதை மட்டும் சொல்ல மாட்டார்கள். கார் நிறுத்த எத்தனை இடம் இருக்கிறது என்று சொல்வார்கள். கட்டடத்தை வடிவமைத்தவர் யார், கூரைக்கு எந்த மலையின் மரத்தை எடுத்தார் என்று ஒரு பக்கம் எழுதுவார்கள். உள்ளே இருக்கும் காபிக் கடையில் இந்தப் பருவத்துக்கு என்ன கேக் என்று படத்தோடு போடுவார்கள். ஓவியத்தைப் பற்றித் தேடினால், ‘காட்சிப் பொருட்கள் அவ்வப்போது மாற்றப்படும்’ என்று ஒற்றை வரி. அவ்வப்போது என்றால் எப்போது ஐயா?

வயிறு எரிகிறது எனக்கு. காரணத்தோடுதான் எரிகிறது.

போன இலையுதிர்காலத்தில் ஜப்பான் கடல் பக்கம் இருக்கும் ஒரு மாகாணத்துக்குப் போனேன். எந்த மாகாணம் என்பது வேண்டாம். அந்த மண்ணில் பிறந்து, பாரிஸ் போய்ப் படித்துத் திரும்பிய ஓவியர் ஒருவரின் துறைமுகக் காட்சி அங்கே இருக்கிறது. எண்ணெய் வண்ண ஓவியம். பனி கொட்டிக் கிடக்கிற துறைமுகம், ஆனால் பனியில் வெள்ளை நிறமே கிடையாது, சாம்பலும் ஊதாவும்தான். அச்சில் பார்த்ததற்கே மனதை விட்டுப் போகவில்லை. நேரில் பார்த்தே தீர வேண்டும் என்று பல வருட ஆசை. அருங்காட்சியகத்தின் இணையதள முகப்பில் அந்த ஓவியம்தான் இருந்தது. ஷின்கான்சென் அதிவேக ரயிலைப் பிடித்து, அப்புறம் ஒற்றைப் பெட்டி ரயிலில் மாறி, நிலையத்தில் இறங்கினால் அங்கே ஒட்டியிருந்த சுவரொட்டியிலும் அதுதான். டிக்கெட் வாங்கினேன், டிக்கெட்டில் அச்சடித்திருந்ததும் அதுதான். எல்லா அறைகளையும் சுற்றி வந்தேன். ஓவியம் மட்டும் இல்லை.

கவுன்டரில் போய்க் கேட்டேன். அங்கே இருந்த அம்மா எழுந்து நின்று, குனிந்து வணங்கி, ‘மன்னிக்க வேண்டும், இந்தப் பருவத்தில் அது காட்சியில் இல்லை’ என்றார். அவரைத் திட்டி என்ன ஆகப்போகிறது? அறை மூலைகளில் மடியில் ஒரு போர்வையைப் போட்டுக்கொண்டு நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற பெண்களையும் குறை சொல்ல முடியாது. குறிப்பெடுக்கப் பேனாவைத் திறந்தால் சத்தமே இல்லாமல் பக்கத்தில் வந்து, மை ஓவியத்தில் பட்டுவிடக் கூடாது என்று பென்சில் கொடுக்கிறார்கள். அவ்வளவு அக்கறை. எதை முகப்பில் போடுவது, எதைச் சொல்லாமல் விடுவது என்று உள்ளே உட்கார்ந்து முடிவு செய்கிறவர்களுக்கு அந்த அக்கறையில் கால்வாசி இருந்தால் போதும்.

வெளியே வரும் வழியில் கடை. அங்கே அதே துறைமுகம் அஞ்சலட்டையாக, கிளியர் ஃபைலாக, கைக்குட்டையாக, பிஸ்கட் டப்பாவின் மூடியாக அடுக்கியிருக்கிறது! விற்பதற்கென்றால் வருடம் முழுக்க வெளியே இருக்கலாம், பார்ப்பதற்கு எப்போது வரும் என்று சொல்ல மட்டும் முடியாது. இது என்ன நியாயம்?

வெளிநாட்டுக்காரன், மொழி புரியாமல் போய் ஏமாந்திருப்பான் என்று யாராவது ஆரம்பிக்கலாம். எனக்குப் பின்னால் நின்ற வயதான தம்பதி அதே ஓவியத்தைத்தான் கேட்டார்கள். அதே மாகாணத்துக்காரர்கள், மலைப்பக்கத்து ஊரிலிருந்து வந்தவர்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் பார்த்ததாம், இப்போது மனைவிக்குக் காட்ட வேண்டும் என்று கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார். அவருக்கும் அதே வணக்கம், அதே மன்னிப்பு. அவர் கட்டிய வரியில் வாங்கிய ஓவியம் அது. அதை எப்போது பார்க்கலாம் என்று தெரிந்துகொள்ளும் உரிமை அவருக்கே இல்லையென்றால் வேறு யாருக்கு இருக்கிறது?

சரி, ஓவியங்களை மாற்றி மாற்றித்தான் வைக்க வேண்டும். அது எனக்குத் தெரியாதா? பட்டிலும் காகிதத்திலும் வரைந்தவை வெளிச்சத்தைத் தாங்காது. உகியோ-எ மரச்செதுக்கு அச்சுகளில் பழைய நீலம் ஒரு சிறு பூவின் சாறு, சிவப்பு குசும்பப் பூவிலிருந்து எடுத்தது. இரண்டும் வெளிச்சம் பட்டால் வெளுத்துவிடும். அதனால்தான் 50 லக்ஸ் அளவுக்கு விளக்கை மங்க வைக்கிறார்கள். தேசியப் பொக்கிஷம், முக்கியப் பண்பாட்டுச் சொத்து என்று அரசு அறிவித்தவற்றை வருடத்துக்கு இரண்டு முறைக்கு மேல், மொத்தம் 60 நாளுக்கு மேல் காட்சிக்கு வைக்கக் கூடாது என்று 1996இல் பண்பாட்டு முகமை பொது விதி வகுத்தது. 2018இல் அதைத் தளர்த்தியபோதும் கல், உலோகம், பீங்கான் மாதிரி உறுதியானவற்றுக்குத்தான் 150 நாள் வரை அனுமதித்தார்கள். இதில் ஒரு எழுத்தைக்கூட நான் குறை சொல்ல மாட்டேன். நிறம் போனால் போனதுதான். தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றி வைத்ததை எனக்காக வெளியே எடு என்று யாரையும் கேட்கவும் மாட்டேன்.

ஆனால் இந்தக் கட்டுப்பாடுகள் இருப்பதாலேயே, எந்தத் தேதியில் எது வெளியே வரும் என்பது மாதக்கணக்கில் முன்பே முடிவாகிவிடுகிறது. கிடங்கிலிருந்து எடுப்பது, பெட்டியைப் பிரிப்பது, சேதம் இருக்கிறதா என்று பார்ப்பது, மாட்டுவது என்று ஒவ்வொன்றுக்கும் நாள் குறித்து வைத்திருப்பார்கள். காட்சிப் பட்டியலை அச்சடித்து அறை வாசலில் அடுக்கியே வைத்திருக்கிறார்கள். எண், ஓவியர் பெயர், தலைப்பு, வருடம், என்ன வண்ணம் என்று ஒரே தாளில் எல்லாம் இருக்கிறது. அந்தத் தாளை அச்சகத்துக்கு அனுப்புகிற அன்றைக்கே இணையத்திலும் ஏற்றிவிட்டால் என்ன கேடு? சில இடங்களில் ஏற்றுகிறார்கள். எங்கே? பக்கத்துக்குள் பக்கமாகப் போய், கடைசியில் ஒரு மூலையில், தேடினால் எழுத்து அகப்படாதபடி ஸ்கேன் செய்த பி.டி.எஃப். கோப்பாக. அதுவும் காட்சி தொடங்கிப் பல நாள் கழித்து.

இதைவிடக் கொடுமை சிறப்புக் கண்காட்சிகளில் நடக்கிற முதல் பாதி, இரண்டாம் பாதி விவகாரம். எட்டு வாரக் கண்காட்சி என்றால் நான்காவது வாரத்தோடு பாதியை எடுத்துவிட்டு வேறு வைப்பார்கள். மடிப்புத் திரைகள், தொங்கும் சுருள்கள் எல்லாம் மாறும். நீளச் சுருள் ஓவியமாக இருந்தால் முன்பு விரித்த காட்சியைச் சுருட்டிவிட்டு அடுத்த காட்சியை விரிப்பார்கள். காரணம் மேலே சொன்ன அதே வெளிச்சம்தான், அதில் தகராறே இல்லை. ஆனால் சுவரொட்டியில் ஒரே ஒரு திரையை ஆளுயரத்துக்குப் பெரிதாக்கிப் போட்டு, அதன் கீழே இரண்டு மாதத் தேதியையும் சேர்த்துப் போட்டால் பார்க்கிறவர் என்ன நினைப்பார்? இரண்டு மாதமும் அது அங்கே இருக்கும் என்றுதானே? அடியில், எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்தில், ‘காட்சிக் காலத்தில் பொருட்கள் மாறும்’. எது மாறும், எந்தத் தேதியில் மாறும் என்று இருக்காது. அந்த வரி அவர்களைக் காப்பாற்றத்தான் இருக்கிறது, வருகிறவருக்காக இல்லை. 1500 யென் கொடுத்து உள்ளே போனபிறகு, சுவரொட்டியில் இருந்த திரை அடுத்த வாரம்தான் வருகிறது என்று தெரிந்தால் எப்படி இருக்கும்? உள்ளூர்க்காரர் இன்னொரு டிக்கெட் எடுத்து வருவார். வெளியூர்க்காரர் கண்காட்சி நூலை வாங்கிப் படத்தில் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஒழுங்காகச் செய்கிற இடங்கள் இருக்கின்றன, அதைப் பார்க்கும்போதுதான் கோபம் இன்னும் ஏறுகிறது. கோஃபுவில் இருக்கும் யாமனாஷி மாகாணக் கலை அருங்காட்சியகம் 1978இல் பிரெஞ்சு ஓவியர் மில்லேயின் ‘விதைப்பவன்’ ஓவியத்தை முன்னிறுத்தித் திறந்தது. மில்லே அருங்காட்சியகம் என்றே பெயர் வாங்கிவிட்டது, மில்லேவுக்கென்று தனிக்கூடமே வைத்திருக்கிறார்கள். அகிதாவில் ஜப்பானிய ஓவியர் ஃபுஜிதா 1937இல் வரைந்த ‘அகிதாவின் நிகழ்வுகள்’ இருக்கிறது. நீளம் 20 மீட்டருக்கு மேல். டடாவோ ஆண்டோ வடிவமைத்த கட்டடத்தின் உயிரே அந்த ஒரு ஓவியம்தான். அவோமோரி மாகாணக் கலை அருங்காட்சியகத்தில் ‘அலேகோ’ பாலே நடனத்துக்காக ஓவியர் ஷகால் 1942இல் வரைந்த மேடைத் திரைகள் ஒரு பிரம்மாண்டமான கூடத்தில் தொங்குகின்றன. நான்கில் மூன்று அவர்களுடையவை. மிச்சம் ஒன்றை ஃபிலடெல்ஃபியாவிலிருந்து இரவல் வாங்கியபோது, அது எதுவரை இருக்கும் என்பதையும் சேர்த்தே அறிவித்தார்கள். அவ்வளவுதானே கேட்கிறேன்!

எப்போதும் வெளியே வைக்க முடியாததையும் நேர்மையாக வைக்கலாம். அதாமியில் இருக்கும் எம்ஓஏ அருங்காட்சியகத்தில் பழைய காலத்து ஓவியர் ஓகதா கோரினின் சிவப்பு வெள்ளை பிளம் மலர்த் திரைகள் இருக்கின்றன. தேசியப் பொக்கிஷம். வழக்கமாக வருடத்தில் ஒரு முறை, பிளம் பூக்கிற பருவத்தை ஒட்டித்தான் வெளியே வரும். தேதியை முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள், ஜனங்கள் அதற்கேற்ப வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். யாரும் வாசலில் நின்று ஏமாறுவதில்லை.

மாட்சுயேவில் ஷின்ஜி ஏரிக்கரையில் இருக்கும் ஷிமானே கலை அருங்காட்சியகத்தையும் சொல்ல வேண்டும். மார்ச்சிலிருந்து செப்டம்பர் வரை அங்கே மூடும் நேரம் சூரியன் மறைந்து அரை மணி கழித்துத்தான். ஏரியில் அஸ்தமனம் பார்க்க வருகிறவர்களுக்காகக் கடிகாரத்தையே மாற்றி வைத்திருக்கிறார்கள். மற்ற ஊர்களில் நாலரைக்கே உள்ளே விடுவதை நிறுத்திவிடுகிறார்கள், ஐந்து மணிக்குக் கதவு சாத்தியாகிவிடும். அதே ஷிமானேவுக்கு 2017இல் நாகாதா செய்ஜி என்ற ஆய்வாளர் உகியோ-எ ஓவியர் ஹோகுசாயின் படைப்புகள் அடங்கிய தன் சேகரிப்பை, 2000க்கும் மேற்பட்ட பொருட்களை, கொடுத்தார். மாகாணத்துக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது என்பது அவர் விருப்பம். அதாவது அவற்றைப் பார்க்க வேண்டுமென்றால் நாம்தான் அங்கே போக வேண்டும். ஒரு மாகாணத்தின் சேகரிப்பு என்பதற்கு அர்த்தமே அதுதான். வேறெங்கும் கிடைக்காது. அப்படியிருக்கும்போது எது எப்போது வெளியே வரும் என்று சொல்வது உபசாரம் இல்லை, கடமை.

சும்மா ஒரு எட்டு போய்ப் பார்த்துவிட்டு வருகிற தூரத்திலா இவை இருக்கின்றன? பெரும்பாலும் நிலையத்திலிருந்து தள்ளி, பூங்காவுக்குள்ளோ குன்றின் மேலோ கட்டியிருப்பார்கள். பஸ் பள்ளிப் பிள்ளைகளையும் ஆஸ்பத்திரி போகிறவர்களையும் கணக்கில் வைத்து ஓடுகிறது. சனி, ஞாயிறு ஆனால் பஸ் குறைந்துவிடும். அருங்காட்சியகத்துக்குக் கூட்டம் வருகிற நாள் எது? அதே சனி ஞாயிறு! 2024 ஏப்ரலில் ஓட்டுநர்களின் கூடுதல் வேலை நேரத்துக்கு உச்சவரம்பு வந்தபிறகு ஆள் பற்றாக்குறையில் இன்னும் பல தடங்களைக் குறைத்துவிட்டார்கள். ஓட்டுநருக்கு ஓய்வு வேண்டும், அதை எதிர்த்துப் பேசவில்லை. நான் போன அன்று நிறுத்தத்துக் கம்பத்தில் இருந்த அட்டையில், ஞாயிற்றுக்கிழமைக் கட்டத்தில், மத்தியானத்துக்குப் பிறகு இரண்டே எண்கள். இடையில் கடல் காற்றில் ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றேன். திங்கள்கிழமை விடுமுறை, திங்கள் அரசு விடுமுறை நாளாக இருந்தால் செவ்வாய் மூடுவார்கள் என்பதையெல்லாம் பார்த்துத்தான் போயிருந்தேன். இத்தனையும் கணக்குப் போட்டு ஒரு முழு நாளைக் கொண்டுபோய் வைக்கிறவருக்கு, ஓவியம் இல்லை என்ற தகவல் கவுன்டரில்தான் கிடைக்க வேண்டுமா?

இடமும் பணமும் இல்லை என்பார்கள். உண்மைதான். ஜப்பானிய அருங்காட்சியகச் சங்கம் 2019இல் எடுத்த கணக்கெடுப்பில் பாதிக்கு மேற்பட்ட அருங்காட்சியகங்கள் கிடங்கு நிரம்பிவிட்டது அல்லது நிரம்பப் போகிறது என்று சொல்லியிருந்தன. செய்தித்தாள்களும் தொலைக்காட்சி நிலையங்களும் சேர்ந்து ஊர் ஊராகக் கொண்டுபோகிற கண்காட்சிகளுக்குப் பெரிய அறைகளைக் கொடுத்துவிட்டால் சொந்தச் சேகரிப்புக்கு ஓர் ஓரம்தான் மிஞ்சும். அதையும் பொறுத்துக்கொள்ளலாம். டோட்டோரி மாகாணம், அமெரிக்கக் கலைஞர் வார்ஹோல் கடையில் விற்கும் பிரில்லோ சோப்பு அட்டைப்பெட்டி மாதிரியே செய்த பெட்டிகள் ஐந்தைச் சுமார் 30 கோடி யென்னுக்கு வாங்கியபோது ஊரே சண்டை போட்டது. மாகாணம் மக்களைக் கூப்பிட்டு விளக்கக் கூட்டம் நடத்த வேண்டியிருந்தது. 2025 மார்ச்சில் குராயோஷியில் அந்த மாகாணத்தின் கலை அருங்காட்சியகம் திறந்தும்விட்டது. வாங்கும்போது மக்களுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்றால், வாங்கியதை எப்போது காட்டுவோம் என்றும் சொல்ல வேண்டும். ஒரு பட்டியலை ஏற்றப் புதுக் கிடங்கு கட்ட வேண்டாம், புது ஆள் எடுக்க வேண்டாம்.

வீட்டுக்கு வந்தபிறகும் ஆறவில்லை, அந்த அருங்காட்சியகத்துக்குப் போன் செய்தேன். ‘கொஞ்சம் இருங்கள்’ என்று வைத்த இசை இரண்டு அடி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது. துறைமுக ஓவியம் ஜனவரியில் தொடங்கும் பருவத்தில், இரண்டாம் அறையில். தேதி, அறை எண் எல்லாம் யாரோ ஒருவரின் மேசையில் தயாராக இருக்கிறது! கேட்டால்தான் கொடுப்போம் என்று வைத்திருக்கிறார்கள்.

அதனால் கேளுங்கள். மேப்பிள் இலை பார்க்கவும் பனி பார்க்கவும் ஜப்பான் கிளம்புகிறவர்கள், ஒரு ஓவியத்துக்காக ஊர் தாண்டிப் போவதாக இருந்தால், ரயில் டிக்கெட் எடுக்கும் முன் அந்த அருங்காட்சியகத்துக்கு மின்னஞ்சல் எழுதி, இந்தத் தேதியில் இந்த ஓவியம் இருக்குமா என்று கேளுங்கள். ஆங்கிலத்தில் எழுதினாலும் பரவாயில்லை, மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டு ஜப்பானிய மொழியில் எழுதினாலும் பரவாயில்லை. ஆளுக்கு ஒரு கடிதம் போகட்டும். ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதிக் கை வலித்தாவது, யாராவது ஒருவர் அந்தப் பட்டியலைத் தூக்கி முதல் பக்கத்தில் போடட்டும்.