ஸ்கேன் இலவசம், தலைவலியும் இலவசம்

ஃபைலில் வைரஸ் இருக்கிறதா என்று தெரிய வேண்டும், அவ்வளவுதானே? வைரஸ்டோட்டல் என்ற இணையதளத்தில் ஏற்றினால், அதை 70க்கும் மேற்பட்ட ஆன்டிவைரஸ்களிடம் காட்டுகிறது. எல்லோரும் சுத்தம் என்கிறார்கள். பெயரே கேள்விப்படாத ஒன்றிரண்டு மட்டும் 'ட்ரோஜன்' என்று சிவப்பில் அலறுகின்றன. இப்போது யாரை நம்புவது? சரி, சிவப்பே வரவில்லை என்றாலும் நிம்மதி கிடையாது. நேற்று எழுதப்பட்ட வைரஸை இன்னும் ஒருவருக்குமே தெரிந்திருக்காது.

என் பெரிய எரிச்சல் வேறு. ஏற்றிய ஃபைல் அங்கேயே தங்கிவிடும். ஆன்டிவைரஸ் நிறுவனங்களோடு, காசு கட்டும் வாடிக்கையாளர்களும் அதை இறக்கிப் பார்க்கலாம். ஒளிவுமறைவு ஒன்றுமில்லை, விதிமுறையிலேயே இருக்கிறது. அதை யார் படிக்கிறார்கள்! சம்பளச் சீட்டு, ஆதார் நகல், வாடகை ஒப்பந்தம் என்று மக்கள் பாட்டுக்கு ஏற்றித் தள்ளுகிறார்கள். 2023இல் அங்கே வேலை பார்த்தவரே சுமார் 5,600 வாடிக்கையாளர்களின் பெயர்ப் பட்டியலைத் தவறுதலாக அதில் ஏற்றிவிட்டார். வீட்டுக்காரருக்கே அந்தக் கதி! ஃபைலுக்குப் பதில் அதன் ஹாஷை, அதாவது அந்த ஃபைலின் கைரேகை மாதிரியான ஓர் எழுத்து-எண் வரிசையை, மட்டும் கொடுத்துத் தேடலாம்தான். ஆனால் ஹாஷ் என்றால் என்னவென்று எத்தனை பேருக்குத் தெரியும்?

இதாவது நேர்மையான சேவை. 'உங்கள் கணினியில் 37 வைரஸ்கள்!' என்று தானாகக் குதிக்கும் பக்கங்களை என்ன சொல்ல? பிரவுசரில் திறந்த பக்கத்தால் ஹார்ட் டிஸ்க்கைத் துழாவவே முடியாது. அப்புறம் எதை எண்ணி 37 என்கிறான்? நீக்க வேண்டுமென்றால் கார்டு நம்பர் வேண்டுமாம்!