மார்ச் 22-ல் ஓவியப் போட்டி வேண்டாம், ஓடைப் பள்ளத்துக்குக் கூட்டிப் போங்கள்

உலகத் தண்ணீர் நாள் வந்தால் தொடக்கப் பள்ளிகளில் என்ன நடக்கும் என்று பார்க்காமலேயே சொல்லிவிடலாம். ஓர் ஓவியப் போட்டி. பூமிப்பந்து அழுகிற மாதிரி ஒரு படம். பல் தேய்க்கும்போது குழாயை மூடு என்று கீழே ஒரு வரி. ஹெச்.எம். ஆர்வமானவராக இருந்தால் தெருமுனை வரை பேரணியும் உண்டு. போகிற வழியில் சாக்கடை வரும். பிள்ளைகள் ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, மறு கையில் 'நீரைக் காப்போம்' அட்டையைப் பிடித்தபடி அதைத் தாண்டிப் போவார்கள். நின்று பார்க்க வேண்டிய ஒரே இடம் அதுதான்!

என் மகள் நான்காம் வகுப்பு. நாங்கள் இருப்பது நொய்யல் பக்கம். அவளைப் பொறுத்தவரை ஆறு என்றால் பாலம் வரும்போது பஸ் ஜன்னலைச் சாத்த வேண்டிய இடம், அவ்வளவுதான். இதே நொய்யல் வெள்ளியங்கிரி மலைப் பக்கம் பிறக்கும்போது கல் தெரியும் தண்ணீர். கோவை, திருப்பூர் தாண்டி, கரூர் மாவட்டத்தில் காவிரியில் சேர்வதற்குள் அது படுகிற பாடு நமக்குத் தெரியும். தண்ணீரின் தரத்தைச் சொல்லிக்கொடுக்க இதைவிட நல்ல பாடம் எந்தப் புத்தகத்தில் இருக்கிறது?

சின்னப் பிள்ளைகளுக்குக் கெமிஸ்ட்ரி எப்படிப் புரியும் என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். பூச்சியில் ஆரம்பியுங்கள். மலையடிவார ஓடையில் ஒரு கல்லைப் புரட்டினால் அடியில் மேஃப்ளை என்ற பூச்சியின் புழு ஒட்டியிருக்கும், வாலில் மெல்லிய இழைகளை நீட்டிக்கொண்டு. ஆக்சிஜன் நிறைய உள்ள தண்ணீரில்தான் அதற்கு வாழ்வு. ஊருக்குள் சாக்கடை கலக்கிற இடத்தில் ஒரு குவளை சேறு எடுத்து வெள்ளை ஐஸ்கிரீம் டப்பாவில் கரைத்துப் பாருங்கள். சிவப்புச் சிவப்பாகப் புழு நெளியும், எட்டுப் போடுகிற மாதிரி. மீன் தொட்டிக் கடையில் பிளட் வார்ம் என்று விற்கிறார்களே, அந்தச் சாதிதான். நம் ரத்தத்தில் ஆக்சிஜனைப் பிடித்துவைக்கிற ஹீமோகுளோபின் அதன் உடம்பிலும் இருக்கிறது. அதனால்தான் மற்றதில் பலவும் மூச்சு முட்டிச் சாகிற தண்ணீரிலும் அது தாக்குப்பிடிக்கிறது. இதைச் சொன்னதும் என் மகள் கேட்டது, "அப்போ இந்தப் புழு நல்லதா கெட்டதாப்பா?" புழுமேல் குற்றமில்லை, அது மட்டும்தான் இருக்கிறது என்றால்தான் சிக்கல் என்றேன். மீட்டர், கெமிக்கல் எதுவும் இல்லாமல் நடந்த பேச்சு இது.

அடுத்தது, தெளிந்த தண்ணீர் எல்லாம் நல்ல தண்ணீர் இல்லை என்பது. பெரியவர்களே ஏமாறுகிற இடம் இது. ஒரு டம்ளர் தண்ணீரில் இரண்டு ஸ்பூன் உப்பைக் கரைத்து, பக்கத்தில் சாதா தண்ணீர் டம்ளரை வைத்துக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். பார்த்துச் சொல்ல முடியாது. திருப்பூர்க் கதையே இந்த டம்ளருக்குள் அடக்கம். பனியன் துணியில் சாயம் ஏற உப்பு வேண்டும். அடர் நிறம் என்றால் லிட்டருக்கு 50 கிராமுக்கு மேல்கூடப் போகும். கழிவுநீரில் சுண்ணாம்பு போட்டு நிறத்தை ஓரளவு எடுத்துவிடலாம், உப்பு அப்படியே நிற்கும். அந்த உப்புதான் ஆற்றோடு போய், நொய்யலில் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, கீழே இருந்த வயலையும் கிணற்றையும் கெடுத்தது. பாசனத்துக்குக் கட்டிய அணைத் தண்ணீரே வினையாகி, விவசாயிகள் கோர்ட் படி ஏறினார்கள். கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியேறக் கூடாது என்ற உத்தரவு நடைமுறைக்கு வராததால், 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது சென்னை உயர் நீதிமன்றம்.

வீட்டிலேயே இதற்குப் பாடம் இருக்கிறது. நம் பிள்ளைகளுக்கு நல்ல தண்ணிக் குழாயும் உப்புத் தண்ணிக் குழாயும் தெரியும். போர் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது, வாளியில் வெள்ளையாகப் படியும். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவைக் காட்டும் டிடிஎஸ் பேனா சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. குடிநீருக்கு லிட்டரில் 500 மில்லிகிராம், வேறு வழியில்லை என்றால் 2000 வரை என்பது இந்தியத் தர அளவு. பிள்ளைகள் இரண்டு குழாயையும் அளந்து நோட்டில் எழுதட்டும். டிடிஎஸ் குறைவாக இருந்தாலும் கிருமி இருக்கலாம், பேனா அதைக் காட்டாது என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். ஆர்.ஓ. விற்பவர்கள் அதைச் சொல்ல மாட்டார்கள்.

சரி, குழாயை மூடு என்று சொல்வதில் என்ன தப்பு? ஒரு தப்பும் இல்லை, மூடட்டும். ஆனால் அதை மட்டுமே சொன்னால், ஆறு கெட்டதற்குக் காரணம் தான் பல் தேய்த்ததுதான் என்று ஒரு குழந்தை நம்பும். மத்திய மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்தின் 2021 கணக்குப்படி, இந்திய நகரங்களில் ஒரு நாளைக்கு உண்டாகும் கழிவுநீர் 7,200 கோடி லிட்டருக்கு மேல். சுத்தம் செய்யப்படுவது 2,000 கோடி லிட்டர் அளவுதான். மீதி எங்கே போகிறது என்று நான்காம் வகுப்புப் பிள்ளை கேட்கலாம். நம் பள்ளிக்கூடக் கக்கூஸ் தண்ணீர் எங்கே போகிறது, செப்டிக் டேங்க் லாரி எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறது என்றும் கேட்கலாம். டீச்சருக்குப் பதில் தெரியாவிட்டால் சேர்ந்து விசாரிக்கலாம்.

பாதுகாப்பில் மட்டும் விளையாட்டு வேண்டாம். சாக்கடைத் தண்ணீரைப் பிள்ளைகள் கையால் தொடக் கூடாது. எலிக்காய்ச்சல் அப்படித்தான் ஒட்டிக்கொள்ளும். பெரியவர்கள் கையுறை போட்டு வாளியில் எடுத்துக் கொடுக்க வேண்டும், முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். மழைக்காலத்தில் கரைப்பக்கமே வேண்டாம். இதைச் சொல்லித்தான் பல ஹெச்.எம்.கள் மறுக்கிறார்கள், அந்தப் பயம் நியாயமானதும்கூட. அனுமதியே கிடைக்காவிட்டால் வாளி வகுப்புக்கு வரட்டும்.

இந்த நோட்டுப் புத்தகங்களை என்ன செய்வது? 2022-ல் வந்த அறிவிப்பின்படி தமிழ்நாட்டில் மார்ச் 22 அன்றும் கிராம சபை நடக்கிறது. காலையில் பிள்ளைகள் பேரணி போகிறார்கள், அதே நாளில் பெரியவர்கள் கூடித் தண்ணீரைப் பற்றித் தீர்மானம் போடுகிறார்கள். ஒருவரை ஒருவர் பார்ப்பதில்லை. ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்து, "எங்க பள்ளத்துல நாலு இடத்துல பார்த்தோம், மூணு இடத்துல சிவப்புப் புழு மட்டும்தான் இருக்கு" என்று வாசித்தால் தலைவர் என்ன பதில் சொல்வார் என்று பார்க்க எனக்கு ஆசை. பிள்ளைகளை அரசியலுக்கு இழுக்கிறாய் என்று கமெண்ட் வரும், தெரியும். இழுக்கத்தான் செய்கிறேன். சாக்கடை வந்து சேர்கிற தெருவில்தானே அவர்களும் குடியிருக்கிறார்கள்.