குமரியில் வீட்டு அனுமதி எங்கே முடங்குகிறது?

2024 ஜூலையில் சுயசான்று முறை வந்தபோது, இனி வீட்டு அனுமதிக்கு அலைய வேண்டாம் என்று பலரும் நிம்மதிப்பட்டார்கள். அப்போதைய விதிப்படி மனை 2,500 சதுர அடிக்குள், அதாவது ஐந்தே முக்கால் சென்டுக்குள் இருக்க வேண்டும். கட்டடம் 3,500 சதுர அடிக்குள், தரைத்தளமும் ஒரு மாடியும், உயரம் 7 மீட்டருக்குள். வரைபடத்தையும் ஆவணங்களையும் இணையத்தில் ஏற்றிக் கட்டணம் கட்டினால் கையோடு அனுமதி. நல்ல திட்டம்தான். ஆனால் நம் மாவட்டத்தில் வீடு கட்ட வழியில்லாமல் நிற்கிற எத்தனையோ குடும்பங்கள் அந்த இணையப் பக்கம் வரை வந்து சேர்வதே இல்லை. அவர்கள் மாட்டிக்கொண்டிருப்பது அதற்கு முந்தைய படியில், பட்டாவிலும், நிலத்தின் அளவை வரைபடமான புலப்படத்திலும், பாதையிலும்.

2011 கணக்கெடுப்பில் சதுர கிலோமீட்டருக்கு 1,111 பேர்; சென்னைக்கு அடுத்து இதுதான் தமிழ்நாட்டின் நெரிசலான மாவட்டம். பரப்பில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு காடு. மிச்ச இடத்தில் குளம், ஏலா எனும் பள்ள வயல்வெளி, தென்னந்தோப்பு, ரப்பர் எல்லாவற்றுக்கும் நடுவே, தெருவாகக் கூடி நிற்காமல் தனித்தனிப் புரையிடங்களில், அதாவது வீட்டைச் சுற்றிய தோட்ட மனைகளில், பரவிக் கிடக்கின்றன நம் வீடுகள். இந்த அமைப்பைக் கணக்கில் எடுக்காத எந்த வீட்டுவசதிக் கொள்கையும் இங்கே பாதியில்தான் நிற்கும்.

முதல் முடிச்சு கூட்டுப் பட்டா. தாத்தா பெயரில் 40 சென்ட். பிள்ளைகள் நான்கு பேர், ஒருவர் வளைகுடாவில். பாகப்பிரிவினைப் பத்திரம் பதிவாகியிருக்கும், ஆனால் உட்பிரிவு, அதாவது சர்வே எண்ணைப் பிரித்து ஒவ்வொரு பங்குக்கும் தனி எண் தருவது, ஆகியிருக்காது. வங்கியில் கடன் கேட்டால் தனிப் பட்டா எங்கே என்கிறார்கள். உட்பிரிவுக்கு மனுப் போட்டால் நில அளவர் வந்து அளந்து, கல் ஊன்றி, புலப்படத்தில் கோடு ஏற வேண்டும். அளக்க வருவதற்குள் மாதங்கள் ஓடிவிடும். அளந்தாலும் சிக்கல் தீராது. நான்கு பத்திரங்களிலும் எழுதிய பரப்பைக் கூட்டினால் புலப்படத்தில் இருப்பதைவிட ஒன்றரைச் சென்ட் அதிகம் வரும், ஏனென்றால் எழுதியவர் நாடா பிடிக்காமல் பழைய பத்திரத்தைப் பார்த்து எழுதியிருப்பார். அதில் பழைய சர்வே எண் இருக்கும், இன்றைய பட்டாவில் மறு அளவை எண் இருக்கும். குமரி தமிழ்நாட்டோடு சேர்ந்த 1956க்கு முந்தைய மூலப்பத்திரம் பல நேரம் மலையாளத்தில் இருக்கும். அதைப் படித்துச் சொல்லக்கூடிய எழுத்தர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

இதற்குத் தனி ஏற்பாடு வேண்டும். ஆண்டுதோறும் வருவாய்க் கணக்கைச் சரிபார்க்கிற ஜமாபந்திக்குத் தாலுகாவில் நாள் குறிப்பதுபோல, ஒவ்வொரு வருவாய்க் கிராமத்திலும் கூட்டுப் பட்டாவைப் பிரிப்பதற்கென்றே நில அளவை முகாம் நடத்த வேண்டும். அளவர், கிராம நிர்வாக அலுவலர், மலையாளம் படிக்கத் தெரிந்த ஒருவர் மூவரும் ஒரே நாளில் ஒரே இடத்தில் இருந்தால் பாதி வழக்குகள் நீதிமன்றம் போகாமலே தீரும் என்று உறுதியாக நம்புகிறேன்.

இரண்டாவது, பாதை. அந்த 40 சென்ட் 200 அடி நீளமும் 87 அடி அகலமும் என்று வையுங்கள். சாலையிலிருந்து உள்ளே உள்ளே நான்கு மனைகள், ஒவ்வொன்றும் 50 அடி. கடைசி மனைவரை 10 அடிப் பாதை விட்டால் நீளம் 150 அடி, பரப்பு 1,500 சதுர அடி, கிட்டத்தட்ட மூன்றரைச் சென்ட். நான்கு பேர் பகிர்ந்தால் ஆளுக்கு ஒரு சென்ட்கூட இழப்பில்லை. ஆனாலும் பிரிவினைப் பேச்சில் பாதை நாலடியாகச் சுருங்கிவிடுகிறது, ஏனென்றால் முன்மனை கிடைத்தவருக்குப் பாதையால் பயனில்லை. விளைவைப் பின்மனைக்காரர் சுமக்கிறார். ஜல்லியும் மணலும் சாலையில் கொட்டித் தலைச்சுமையாகப் போக வேண்டும், கூலி ஏறும். ஆம்புலன்ஸ் வாசலுக்கு வராது. அணுகுபாதை அகலம் போதாமல் வரைபடமும் திரும்பி வரும்.

பத்திரம் எழுதும்போதே பாதைக்கென்று தனித் தபசில் (சொத்து விவரப் பட்டியல்) போடுங்கள். நீளம், அகலம், நான்கு எல்லை எழுதி, உட்பிரிவு செய்யும்போது அதற்கும் தனி உட்பிரிவு எண் கேளுங்கள். ‘வழக்கமான நடைபாதை உரிமை’ என்று ஒற்றை வரியில் விட்டால் அடுத்த தலைமுறையில் சுவர் எழும்பும்.

மூன்றாவதைச் சொல்லும்போதுதான் மனம் பதறுகிறது. புரையிடம் பிரியாமல், விலையும் ஏறிக் கிடப்பதால், வாங்க முடிகிற இடம் ஏலாவில் இருக்கிற வயல்தான். ஐந்து சென்ட் வயலை நாலடி உயர்த்த என்ன ஆகும்? 2,178 சதுர அடியை நாலால் பெருக்கினால் 8,712 கன அடி, யூனிட்டுக்கு 100 கன அடி என்று சுமார் 87 யூனிட். அமுங்குவதற்குக் கால் பங்கு சேர்த்தால் 109 யூனிட். மூன்று யூனிட் டிப்பரில் 36 நடைக்கு மேல். அந்தச் செம்மண் எங்கோ ஒரு பொற்றையை, சிறு குன்றை, வெட்டி வந்தது. வீட்டுக்காரருக்கும் லாபமில்லை: கொட்டிய மண்ணில் அஸ்திவாரம் நிற்காது, அதைத் தாண்டி, அடியிலுள்ள களியையும் தாண்டிக் கெட்டித் தரை வரை தோண்ட வேண்டும். வயல் விலையில் மிச்சம் பிடித்தது அஸ்திவாரத்தில் போய்விடுகிறது. அவசரப்பட்டு மேலாகப் போட்டால் இரண்டாவது மழைக்காலத்தில் சுவரில் சரிவான விரிசல் விழும்.

ஏலா என்பது இரண்டு மேடுகளுக்கு நடுவே தண்ணீர் விரிந்து நிற்கிற பள்ளம். அங்கே ஒருவர் மேடு போட்டால் அவர் இடத்து வெள்ளம் பக்கத்து வயலுக்கும் பழைய வீடுகளுக்கும் போகும். 2021 நவம்பர் வெள்ளத்தைப் பார்த்தபிறகும் ஒவ்வொரு மனையையும் தனித்தனியாகப் பார்த்து அனுமதி கொடுப்பது சரியில்லை. கிராமத்தின் நிலப் பதிவேடான ‘அ’ பதிவேட்டில் நஞ்சை, குளம், வாய்க்கால் எது என்று சர்வே எண் வாரியாகவே இருக்கிறது. அதை ஒரே வரைபடமாக்கி ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டினால், இங்கே கட்டக் கூடாது என்பது மனை வாங்கும் முன்பே தெரியும். சுசீந்திரம் தேரூர், வேம்பனூர் ஈரநிலங்கள் 2022இல் ராம்சர் என்கிற சர்வதேச ஈரநிலப் பட்டியலில் ஏறின. அவற்றுக்குத் தண்ணீர் கொண்டுவருகிற கால்வாய்களையும் வயல்களையும் விட்டுவிட்டுக் குளத்தை மட்டும் காப்பாற்ற முடியாது.

மலையடிவார ஊர்களில் ஹாக்கா என்கிற மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் பட்டியலில் உங்கள் கிராமம் இருக்கிறதா என்று முன்பணம் கொடுக்கும் முன்பே பாருங்கள். கடலோரத்தில், 2019 கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கைப்படி, சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வாழும் ஊரகப் பகுதிகளில் கட்டுமானத் தடை 50 மீட்டர், குறைவான இடங்களில் 200 மீட்டர். நெருக்கமான மீனவ ஊர்களுக்கு இந்த வித்தியாசம் பெரிது. உங்கள் ஊர் எந்த வகையில் குறிக்கப்பட்டிருக்கிறது என்பதைக் கடலோர மேலாண்மைத் திட்ட வரைபடத்தில் பார்த்துக்கொள்வது அவசியம்.

அப்படியானால் புதுக் குடும்பங்கள் எங்கே போவது? இருக்கிற வீட்டுக்கு மேலே. தளப்பரப்புக் குறியீடு, அதாவது எல்லாத் தளங்களின் மொத்தப் பரப்புக்கும் மனைப் பரப்புக்கும் உள்ள விகிதம், 2 வரை சாதாரணமாகவே அனுமதி உண்டு. நம் ஊரில் ஓட்டு வீடும் ஒற்றை மாடியும் அதில் பாதியைக்கூடத் தொடவில்லை. வெளிப்படிக்கட்டு, தனிச் சமையலறை, தனி மின் இணைப்போடு மாடியில் ஒரு குடித்தனம் கட்ட அரசு கடனுதவி தரட்டும், கட்டணத்தைக் குறைக்கட்டும். ஒரு எச்சரிக்கை: வெட்டுக்கல் சுமைச்சுவர் வீடானால் அஸ்திவாரத்தை ஒரு மூலையில் தோண்டிப் பொறியாளரிடம் காட்டாமல் கான்கிரீட் ஏற்றாதீர்கள்.

இன்னொன்று. 1971 நகர் ஊரமைப்புச் சட்டப்படி எந்த முழுமைத் திட்ட (மாஸ்டர் பிளான்) வரைவு வெளியானாலும் ஆட்சேபணைக்குக் குறைந்தது இரண்டு மாதம் தர வேண்டும். அப்போது ‘வயலைக் காப்பாற்றுங்கள்’ என்று பொதுவாக எழுதினால் கோப்பில் போய்விடும். ஏலாவின் பெயர், சர்வே எண்கள், அதற்குத் தண்ணீர் வரும் கால்வாய், வரைவில் அது எந்த நிறத்தில் குறிக்கப்பட்டிருக்கிறது, எந்த வகைக்கு மாற்ற வேண்டும் என்று எழுதி, அ பதிவேட்டு நகலை இணைத்து, நேரில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள்.