குதிகால் வலியும் என் தப்புக்கணக்கும்

என் மகனுக்குப் பத்து வயது நடந்தபோது, அவனை வாரத்தில் ஆறு நாள்கள் இறகுப்பந்துப் பயிற்சிக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன். ஒரு மாதமாகக் குதிகால் வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தான். பயிற்சி முடிந்து வரும்போது நொண்டுவான், காலையில் சரியாகியிருக்கும். போகாமலிருக்கச் சாக்குச் சொல்கிறான் என்று முடிவு கட்டிய நான், வலியைத் தாங்கிப் பழகினால்தான் ஆட்டக்காரனாக முடியும் என்று அறிவுரை வேறு சொன்னேன். இன்று அதை எழுதக் கூசுகிறது. எலும்பு மருத்துவர் அவன் குதிகாலை இருபுறமும் அழுத்திப் பார்த்துவிட்டு, வாரத்துக்கு எத்தனை மணி நேரம் விளையாடுகிறான் என்று கேட்டார். பன்னிரண்டு என்றேன். வயதைக் கேட்டார். பத்து என்றேன். அதற்கு மேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை.

வளரும் பிள்ளைகளின் எலும்பு முனைகளில், இன்னும் முழு எலும்பாக இறுகாத குருத்தெலும்புப் பகுதி ஒன்று உண்டு. அதை வளர்ச்சித் தட்டு என்கிறார்கள். எலும்பு நீளும் வேகத்துக்குத் தசை ஈடுகொடுக்க முடியாத மாதங்களில், ஒவ்வொரு குதிப்பின்போதும் கெண்டைக்காலிலிருந்து இறங்கும் தசைநாண் குதிகாலின் அந்த மென்மையான இடத்தைப் பற்றி இழுக்கிறது. அதனால் வருவதே செவர் நோய் எனப்படும் வலி. பெரும்பாலும் 8 முதல் 14 வயதுக்குள் வரும். இதே இழுவை முழங்காலுக்குக் கீழே நிகழ்ந்தால் அதற்கு ஆஸ்குட்-ஷ்லாட்டர் என்று பெயர். இரண்டுமே பெரும்பாலும் ஓய்வு கொடுத்தால் ஆறிவிடக்கூடியவை. அந்த ஓய்வைக் கொடுக்கத்தான் என்னைப் போன்ற பெற்றோருக்கு மனம் வருவதில்லை.

மருத்துவர் மௌனமானதன் காரணம் பிறகுதான் விளங்கியது. பிள்ளைக்கு எத்தனை வயதோ, வாரப் பயிற்சி அத்தனை மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்பது குழந்தைகள் நல மருத்துவர்கள் பலர் சொல்லும் எளிய அளவுகோல். வாரத்தில் ஒன்றிரண்டு நாள்களாவது முழு ஓய்வு வேண்டும், ஒரே விளையாட்டை ஆண்டு முழுவதும் ஆடாமல் இடையில் சில மாதங்கள் விலகியிருக்க வேண்டும் என்பது அமெரிக்கக் குழந்தைகள் நல மருத்துவ அகாடமியின் பரிந்துரை. வாரத்தில் ஒரு நாள் ஓய்வைத் தவிர, மற்ற இரண்டையும் நான் மீறியிருந்தேன், அதுவும் அக்கறை என்ற பெயரில்.

இதைப் படித்துவிட்டு, "நல்லவேளை, நாங்கள் எங்குமே அனுப்புவதில்லை" என்று நிம்மதி கொள்வோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 5 முதல் 17 வயது வரையுள்ளவர்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடங்களாவது, மூச்சு வாங்கும் அளவுக்கு உடலை இயக்க வேண்டும் என்று உலக சுகாதார அமைப்பு வழிகாட்டுகிறது. ஆனால் 146 நாடுகளின் தரவுகளைக் கொண்டு அந்த அமைப்பின் ஆய்வாளர்கள் 2019-இல் வெளியிட்ட கணக்கின்படி, பள்ளி செல்லும் 11 முதல் 17 வயதினரில் 81 விழுக்காட்டினர் அந்த அளவை எட்டவில்லை. பையன்களில் 78, பெண் பிள்ளைகளில் 85. இந்த ஏழு புள்ளி இடைவெளி தானாக விழுந்தது என்று நான் நம்பவில்லை. பெண் பிள்ளை சற்று வளர்ந்ததும் அவள் ஆட்டத்தை நாம்தான் நிறுத்தி வைக்கிறோம்.

அசையாமல் உட்கார வைக்கப்பட்ட பிள்ளையும், ஓய்வின்றி ஓட வைக்கப்பட்ட பிள்ளையும் இழந்திருப்பது ஒன்றைத்தான்: பெரியவர் யாரும் நேரம் குறிக்காத, மதிப்பெண் போடாத, களைத்தால் நிறுத்திக்கொள்ளக்கூடிய ஆட்டம். முதல் பிள்ளைக்கு அதைக் காலவிரயம் என்று மறுத்தோம், இரண்டாவது பிள்ளையிடமிருந்து அதைப் பறித்து இன்னொரு பாடமாக்கினோம்.

கண்டிப்பு இல்லாவிட்டால் வெற்றியாளர்கள் உருவாவார்களா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நார்வேயில் குழந்தைகளுக்கான விளையாட்டு விதிகளின்படி, பிள்ளைக்குப் பதினொரு வயதாகும் ஆண்டுவரை போட்டிகளில் தரவரிசைப் பட்டியல் கிடையாது, பதின்மூன்று ஆகும்வரை தேசிய வாகையர் போட்டிகளும் கிடையாது. ஏறத்தாழ 55 லட்சம் மக்களே வாழும் அந்நாடு 2022 குளிர்கால ஒலிம்பிக்கில் 16 தங்கம் வென்றது. பனியும் பணமும் அவர்களுக்குத் துணைநிற்கின்றன என்பதை மறுக்கவில்லை. ஆனாலும் பத்து வயதில் பட்டியல் போடாததால் அவர்கள் எதையும் இழந்துவிடவில்லை என்பது தெரிகிறது.

குதிகால் முழுதாகக் குணமாக இரண்டு மாதங்களுக்கு மேல் ஆயிற்று. இப்போது வாரத்தில் மூன்று நாள் இறகுப்பந்து, ஒரு நாள் நீச்சல், மற்ற மாலைகள் அவன் விருப்பம். வீட்டுக்கு வந்ததும் "ஜெயித்தாயா?" என்று கேட்கும் என் பழக்கம் இன்னும் முழுதாகப் போகவில்லை, பாதியில் நாக்கைக் கடித்துக்கொள்கிறேன். நேற்று மாலை பிள்ளைகள் தாங்களே கண்டுபிடித்த ஓர் ஆட்டத்தின் விதிகளை எனக்கு விளக்க உட்கார்ந்தான். மூன்றாவது விதிக்கு வருவதற்குள், அதை மாற்றிவிட்டதாக வெளியிலிருந்து யாரோ கத்தவே, விளக்கத்தை அப்படியே விட்டுவிட்டு ஓடிவிட்டான்.