ஆய்வகத்தை விட்டால் அறிவியலை விட்டதாகுமா?

நடுக்கமும் விறைப்பும் தரும் மூளை நோயான பார்க்கின்சன் பற்றிய ஆய்வில் இருந்த ஒரு நரம்பியல் விஞ்ஞானி, ஆய்வகத்தை விட்டு, புதிய சிகிச்சைகளை நோயாளிகளிடம் சோதிக்கும் மருத்துவப் பரிசோதனைகளின் திட்ட மேலாளராகப் போனதை நான் படித்த ஒரு கட்டுரை ஏதோ துறவறம் மாதிரி எழுதியிருக்கிறது. எனக்கு அப்படித் தோன்றவில்லை; அந்த வேலைக்கும் நோயை அறிந்தவர்தான் வேண்டும். எலி மூளையின் ஒரு பக்கத்தில் மட்டும் டோபமின் (இந்த நோயில் குறைந்துபோகும் மூளை வேதிப்பொருள்) சுரக்கும் செல்களை அழித்து, டோபமினைப் போலவே செயல்படும் அபோமார்ஃபின் மருந்தைக் கொடுத்தால், அது ஒரே திசையில் சுற்றும். பாதிப்பை அளக்கச் சுற்றுகளை எண்ணினால் போதும். மனிதரிடம் கதையே வேறு. நடுக்கத்தையும் விறைப்பையும் உள்ளபடி மதிப்பிட, நோயாளியை முந்தைய இரவிலிருந்து லெவோடோபா (மூளையில் டோபமினாக மாறும் மாத்திரை) எடுக்காமல் காலையில் வரச் சொல்வார்கள். சட்டைப் பொத்தானைக்கூடப் போட முடியாத நிலையில் அவரை யார் அழைத்து வருவது, முடிந்ததும் மாத்திரையை யார் எடுத்துக் கொடுப்பது? இதையெல்லாம் யோசித்துத்தான் அட்டவணை போட வேண்டும். நோயை அறியாதவர் போட்டால் எக்செல் தாள் மட்டும் அழகாக இருக்கும்.

போதாக்குறைக்கு, இந்த நோயில் போலி மருந்துக்கே உடம்பு தேறுவது உண்டு. எதிர்பார்ப்பே டோபமினைச் சுரக்க வைக்கிறது என்று 2001இல் வான்கூவர் ஆய்வாளர்கள் மூளை ஸ்கேனில் காட்டினார்கள். மதிப்பிடுபவர் ஆறுதலாக ஒரு வார்த்தை கூடுதலாகச் சொன்னாலும் முடிவு கோணலாகிவிடலாம்.

அந்த விஞ்ஞானி சம்பளத்துக்காகப் போனார் என்று கட்டுரையின் கீழே ஒருவர் நக்கலடித்திருக்கிறார். சரி, போகட்டுமே! ஒப்பந்தத்தைப் புதுப்பித்துப் புதுப்பித்தே நாற்பது வயதைத் தொடும் போஸ்ட்டாக்குகளை (முனைவர் பட்டத்துக்குப் பின் தற்காலிக ஆய்வுப் பணியில் இருப்பவர்களை) நக்கலடித்தவர் பார்த்ததில்லை போலிருக்கிறது.